நாக்கு சாரும் பேட்டரித் தண்ணீரும்

"இந்த வீட்டுக்குள்ள அந்த மிஷின் வந்தா, நான் வெளியே போயிடுவேன்!"

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நாக்கு சார் இப்படி முழங்கினார். அன்று மாலை ஐந்தரை மணிக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் வந்தது. சொன்ன சொல் தவறாமல் நாக்கு சாரும் வெளியே போனார். மிஷினைச் சுவரில் மாட்ட வந்த மெக்கானிக்குக்கு ஏணி வேண்டியிருந்தது. அதை எதிர்வீட்டில் இரவல் கேட்டு வாங்கித் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தார்.

அவருக்கு அந்தப் பெயர் உத்தியோகத்தால் வந்தது. ஒரு தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை. நீளமான மேஜையில் நூறு வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். நூறிலும் தேநீர். நாக்கு சார் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மொண்டு, அடுத்த அறையில் இருப்பவர்கள் திடுக்கிடும்படி 'சர்ர்ர்' என்று உறிஞ்சுவார். வாய்க்குள் உருட்டுவார். கண்ணை மூடுவார். பிறகு பக்கத்தில் நிற்கும் உயரமான தொட்டியில் துப்பிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "தட்டை." அல்லது "புகை." அல்லது "பேஷ்." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் எதை எதோடு கலப்பது என்று கம்பெனி முடிவு செய்யும். இருபத்தாறு வருஷமாக இருநூறு பேருடைய பிழைப்பு அந்த நாக்கின் நுனியில் நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் அந்த நாக்குக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. வீடு அவருடைய மனைவியின் ராஜ்யம். அந்த அம்மாள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கண்ணாடிக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிறவள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போனதாகப் பேச்சே இல்லை. அங்கே எல்லாரும் அவளை லேபிளம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கம் அவளோடு கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டது. சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை', உப்பு ஜாடியில் 'உப்பு' என்று ஒட்டியிருந்தால் பரவாயில்லை. நாக்கு சாருடைய சட்டை அலமாரியில் மூன்று தட்டுகள். முதல் தட்டில் 'வேலைக்கு' என்று ஒட்டியிருந்தது. இரண்டாவதில் 'வீட்டுக்கு'. மூன்றாவதில் 'அவர் ஊரில் இல்லாதபோது தூக்கிப் போட வேண்டியவை'.

செவ்வாய்க்கிழமைச் சண்டைக்குக் காரணம் கொல்லைப்புறத்துக் கிணறு. மோட்டார் போட்டால் அந்தத் தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறி வீடு முழுக்க வரும். நாக்கு சார் அதைத் தன் நாக்குக்குச் சாணைக்கல் என்பார். தினமும் ஒரு குடுவையில் அந்தத் தண்ணீரைக் கம்பெனிக்கு எடுத்துப் போவார். முதல் கோப்பையைத் தொடுவதற்கு முன் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் குடிப்பார். பத்துக் கோப்பைக்கு ஒரு தடவை அதிலேயே வாய் கொப்பளிப்பார்.

இந்த நிலையில் மகள் தன் இரண்டு மாதக் குழந்தையோடு மூன்று மாதம் தங்க வருகிறாள். பேத்திக்குப் புட்டிப்பால். பால்பொடி கலக்கத் தண்ணீர் வேண்டும். லேபிளம்மா ஒரு சுத்தமான பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, லேபிள் ஒட்டி, பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள். முழக்கம் ஓய்ந்ததும் அறிக்கையை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"படிங்க."

"நீயே சொல்லேன். கண்ணாடி உள்ள இருக்கு."

"நைட்ரேட், இருக்க வேண்டியதுக்கு ரெண்டு மடங்கு. கோலிஃபார்ம்னு ஒரு கிருமி. அது இருக்கவே கூடாது, இருக்கு."

"எனக்குத் தெரியாம எப்படி இருக்கும்?"

"உங்ககிட்ட அனுமதி வாங்கிட்டு வருமா?"

"அதில்ல. இருபது வருஷமா குடிக்கிறேன். ஒரு நாளாவது என் நாக்குல நைட்ரேட் பட்டிருக்கா?"

"தினமும் பட்டிருக்கு. அதுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசி கிடையாது."

"ருசியில்லாத பொருள்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. சரியா உறிஞ்சத் தெரியாதவங்கதான் இருக்காங்க."

லேபிளம்மா தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொள்ள வேண்டிய சமயங்களில் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். இப்போது துடைத்தாள்.

"நம்ம கழிவுத் தொட்டிக்கும் கிணத்துக்கும் நடுவுல எத்தனை அடி இருக்கும்?"

"ஒரு... பத்தடி."

"அதுல இருக்கறது இதுல கசியுது. இனிமே உறிஞ்சறப்போ அதை நினைச்சுக்கிட்டு உறிஞ்சுங்க."

நாக்கு சார் கொஞ்சம் தண்ணீர் குடிக்கப் போனவர், தம்ளரை அப்படியே வைத்துவிட்டார். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"சரி, காய்ச்சிக் குடுத்தா போச்சு. இதுக்குப் போய் மிஷினா?"

"காய்ச்சினா கிருமி சாகும். நைட்ரேட் சாகாதுங்க. அதுக்கு உயிர் இருந்தாத்தானே சாகறதுக்கு? அது கரைஞ்சு கிடக்கிற உப்பு மாதிரி. உப்புத் தண்ணியைச் சுண்டக் காய்ச்சினா என்ன ஆகும்?"

"இன்னும் கரிக்கும்."

"அதேதான். காய்ச்சக் காய்ச்ச அதிகமாகும். உங்களுக்கும் எனக்கும் அதனால உடனே ஒண்ணும் தெரியாது. பச்சைக் குழந்தைக்கு அப்படியில்ல. ரத்தம் காத்தைச் சுமக்க முடியாம உடம்பு நீலம் பூத்துடும்."

நாக்கு சார் பேத்தியை இதுவரை போனில் மட்டுமே பார்த்திருந்தார். போனில் அவள் ரோஜா நிறத்தில் இருந்தாள். "மிஷினை எந்தச் சுவத்துல மாட்டப் போற?" என்று கேட்டார்.

மாலையில் மெக்கானிக் ஒவ்வொரு குடுவையாகத் தட்டிக் காட்டினான்.

"இது மண்ணு தூசியைப் பிடிக்கும் சார். இது கரி, வாடையை எடுக்கும். இதுதான் முக்கியம், சவ்வு. நைட்ரேட்டு, உப்பு எல்லாம் இங்கேயே நின்னுடும். கடைசியா ஒரு விளக்கு, மிச்ச மீதி கிருமியையும் கொன்னுடும்."

"எல்லாத்தையும் எடுத்துட்டா தண்ணின்னு என்னப்பா மிஞ்சும்?"

"தண்ணி சார்."

நாக்கு சார் முதல் தம்ளரை வாங்கினார். 'சர்ர்ர்' என்று உறிஞ்சினார். மெக்கானிக் பயந்து மின்சாரத்தை அணைத்துவிட்டான். மிஷின்தான் சத்தம் போடுகிறது என்று நினைத்துவிட்டான்.

"பிணம்," என்றார் நாக்கு சார்.

"யாரு சார்?"

"இந்தத் தண்ணி. உயிரே இல்ல. பத்துக்கு மூணு மார்க்."

"நல்ல உப்பைக் கொஞ்சம் திருப்பிச் சேர்க்க ஒரு குடுவை வெச்சிருக்கேன் சார்."

"பிணத்துக்குப் பவுடர் பூசியிருக்கே."

லேபிளம்மா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒட்டிக்கொண்டிருந்தாள். மிஷின் குழாயில் 'குடிக்க, சமைக்க, பாலுக்கு'. மிஷின் ஒதுக்கித் தள்ளும் தண்ணீர் விழும் வாளியில் 'தரை துடைக்க மட்டும்'. சமையலறையின் பழைய குழாயை மெக்கானிக் கழற்றி அடைப்புப் போட்ட இடத்தில் 'தொடாதே'. அந்தக் கடைசி லேபிளை ஒட்டும்போது மட்டும் அவள் கணவனைப் பார்த்தாள்.

குழந்தைக்கு மிஷின், தனக்குக் கிணறு என்று ஒரு சமரசத்துக்கு நாக்கு சார் தயாராகத்தான் இருந்தார். அதைப் போனிலேயே மகள் வெட்டிவிட்டாள்.

"அதெல்லாம் நடக்காதுப்பா. ஒரு வீட்ல ரெண்டு தண்ணி இருந்தா, அவசரத்துல யாராவது மாத்திக் கலக்கிடுவாங்க. தவிர அந்தக் கிருமி உங்க வயித்தைக் கெடுத்து, நீங்க அதே கையோட குழந்தையைத் தூக்கினா?"

"நான் கை கழுவிட்டுத்தாம்மா தூக்குவேன்."

"எதுல கழுவுவீங்க? கிணத்துத் தண்ணியிலயா?"

நாக்கு சார் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்பா, நீங்க கிணத்துத் தண்ணி குடிக்கறதை நான் பார்த்தேன்னு வைங்க, அடுத்த வண்டியைப் பிடிச்சு மாமியார் வீட்டுக்குப் போயிடுவேன். கோவிச்சுக்காதீங்க. பயமா இருக்குப்பா."

"சத்தியமாச் சொல்றேன் கண்ணு. இனிமே அந்தத் தண்ணி என் உதட்டுல படாது."

உண்மையாகத்தான் சொன்னார். சொல்லும்போது வேறு எண்ணமே இல்லை. மகளும் பேத்தியும் வந்து இறங்கினார்கள். பேத்தி அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தாள். அரை மணி நேரம் அவர் விரலை உருவாமல் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து பிடித்துக்கொண்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனியில்தான் தொல்லை ஆரம்பித்தது. குடுவையில் மிஷின் தண்ணீர். குடித்தார், பிணம். முதல் கோப்பையை உறிஞ்சினார், நாக்கு எழுந்திருக்கவில்லை என்று பட்டது. இரண்டாவதை, ருசி செத்தது என்ற பொருளில், தட்டை என்றார். மூன்றாவதையும் தட்டை என்றார். வரிசையாகப் பதினொன்று தட்டை. கலவைப் பிரிவிலிருந்து ஆள் வந்து, "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று வீடு திரும்பும் வழியில், தான் மகளுக்குச் செய்த சத்தியத்தை நாக்கு சார் ஒரு வக்கீலைப் போலப் புரட்டிப் பார்த்தார். 'உதட்டில் படாது' என்றுதானே சொன்னோம்? ருசி பார்ப்பவன் தண்ணீரை உதட்டிலா வைக்கிறான்? கரண்டியிலிருந்து நேரே நாக்குக்கு அல்லவா உறிஞ்சுகிறான்? அதுவும் வீட்டிலா? கம்பெனியில். சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழையப் போகிறோம். வண்டி வாசலுக்கு வருவதற்குள் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலை, ஒரு காலி கேனை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாய்க்குப் போனார். தோட்டத்துக்கு என்று விட்டுவைத்த குழாய் அது. லேபிள் இல்லாத பொருள் அந்த வீட்டில் ஐந்து நிமிஷம் பிழைக்காது என்று அவருக்குத் தெரியும். ஆகவே மனைவியின் லேபிள் சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்து, 'பேட்டரித் தண்ணீர்' என்று எழுதி ஒட்டியிருந்தார். ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் பேட்டரித் தண்ணீர் இருப்பதை யார் கேள்வி கேட்பார்கள்? தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே மேனி சிலிர்த்தது.

நிமிர்ந்தால், மதில் சுவருக்கு மேலே ஒரு தலை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் தினமும் ஐந்தரை மணிக்குத் தனக்குத் தானே கட்டளையிட்டுக் குதித்துக்கொண்டிருப்பவர்.

"என்ன சார் கேன்ல? ஒன், டூ..."

"பேட்டரிக்குத் தண்ணி மாஸ்டர்."

"த்ரீ, ஃபோர்... கொல்லைக் குழாயிலேர்ந்தா? பேட்டரி செத்துப் போகும் சார்."

"மெதுவாப் பேசுங்க மாஸ்டர், உள்ள காது கேக்கும்."

தலை குதிப்பதை நிறுத்தியது. "ஓ, அந்த மாதிரித் தண்ணியா?" என்று கண்ணடித்தது. "நான் வாயைத் திறக்க மாட்டேன் சார். என் வீட்டம்மா சாப்பாட்டுல உப்பைக் குறைச்சுட்டா. நானே கால்சட்டைப் பைக்குள்ள உப்புப் பொட்டலம் வெச்சிருக்கேன்."

கேனை ஸ்கூட்டருக்குள் பூட்டிவிட்டு, சாவியை வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டு, நாக்கு சார் பாடிக்கொண்டே குளிக்கப் போனார்.

முதல் நாள் கம்பெனியில் கதவைச் சாத்திக்கொண்டு கேனைத் திறந்தார். உறிஞ்சினார். ஏதோ இடித்தது. திருட்டுத்தனம் பழக்கமில்லாததால் நாக்கு வறண்டிருக்கும் என்று தோன்றியது. எதைக் குடித்தாலும் மார்க் போட்டு எழுதுகிற சட்டைப்பை நோட்டில், யாரோ கதவைத் தட்டிய பதற்றத்தில் ஒரு வரியைக் கிறுக்கிவிட்டு மூடினார்.

இரண்டாம் நாள்தான் உலகம் திரும்பக் கிடைத்தது. ஒரே உறிஞ்சலில் நாக்கு சிலிர்த்து எழுந்து உட்கார்ந்தது. அதன் பிறகு நூறு கோப்பைகளும் நூறு விதமாகப் பேசின. கலவைப் பிரிவு ஆள் கும்பிட்டுவிட்டுப் போனார். நோட்டில் 'பத்துக்குப் பத்து' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். மூன்றாம் நாளும் பத்து. நான்காம் நாள், 'இதைக் குடிக்காதவன் வாழ்ந்தென்ன' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

வீட்டில் நாக்கு சார் இன்னொரு மனிதர். சாப்பாட்டு மேஜையில் மகள் நீட்டும் மிஷின் தண்ணீரை, கசாயம் குடிப்பவரைப் போல மூக்கைச் சுருக்கிக்கொண்டு குடிப்பார்.

"எப்படிப்பா இருக்கு?"

"இருக்கு."

"பழகிடும்பா."

"உனக்காகவும் இவளுக்காகவும்தான் இந்தப் பிணத்தைக் குடிக்கிறேன்."

மகளுக்குக் கண் கலங்கிவிடும். லேபிளம்மா கண்ணாடியைத் துடைப்பாள். "பாவம் உங்கப்பா. எவ்வளவு தியாகம்!" என்பாள்.

பேத்தி விஷயத்தில் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. அவள் வீறிட்டு அழ ஆரம்பித்தால் கிலுகிலுப்பைக்கு அடங்க மாட்டாள், தாலாட்டுக்கு அடங்க மாட்டாள். தாத்தா காதோரம் 'சர்ர்ர்' என்று ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் போதும். அழுகை சட்டென்று நிற்கும். கண்ணை அகல விரித்துப் பார்ப்பாள். இரண்டாவது 'சர்ர்ர்'ருக்குப் பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் தன் உறிஞ்சலுக்கு இப்படி ஒரு ரசிகை கிடைத்ததில்லை என்று நாக்கு சார் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். நான்கு மணி அடித்தால் கம்பெனியில் அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை.

கொல்லையில் வாடிக்கிடந்த ரோஜாச் செடியும் அந்த நாட்களில் தளதளவென்று தழைத்தது. வீட்டுக்குக் குழந்தை வந்த ராசி என்றார்.

பத்தொன்பதாம் நாள். மேஜையில் நாற்பதாவது கோப்பையில் இருந்தார். போன் அடித்தது. லேபிளம்மா.

"குழந்தைக்குக் காலையிலேர்ந்து வயித்தால போகுதுங்க. நாலு தடவை ஆயிடுச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறோம். நீங்க பதறாதீங்க."

நாக்கு சார் போனை வைத்தார். நாற்பத்தொன்றாவது கோப்பையை எடுத்து உறிஞ்சினார். ஒன்றும் தெரியவில்லை. தேநீரா, வெந்நீரா, மேஜை துடைத்த தண்ணீரா, ஒன்றுமே தெரியவில்லை. கரண்டியை வைத்தார். அவருடைய கண் மேஜை ஓரத்தில் இருந்த கேன் மேல் போய் நின்றது. 'பேட்டரித் தண்ணீர்' என்று அவருடைய கையெழுத்திலேயே அது அவரைப் பார்த்தது.

அந்தக் கிருமி உங்க வயித்தைக் கெடுத்து, நீங்க அதே கையோட குழந்தையைத் தூக்கினா?

முந்தாநாள் அவருக்கும் லேசாக வயிறு புரட்டியது. ஓட்டலில் தின்றதால் என்று நினைத்திருந்தார். இப்போது எல்லாக் கணக்கும் ஒரே விடைக்கு வந்தது. மீதிக் கோப்பைகளை அப்படியே ஆறவிட்டு எழுந்தார். அவர் அப்படிப் பாதியில் எழுந்ததை அந்தக் கம்பெனி அதுவரை பார்த்ததில்லை.

வீடு பூட்டியிருந்தது. சாவி அவரிடம் இருந்தது. உள்ளே போகவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, கேனை மடியில் வைத்துக்கொண்டார். மதிலுக்கு மேலிருந்து டிரில் மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வெளிப்படையா எடுத்துட்டு உட்கார்ந்துட்டீங்க? ஒளிச்சு வைங்க, அவங்க வர்ற நேரம்!"

"ஒளிச்சதெல்லாம் போதும் மாஸ்டர்."

"விஷயம் தெரிஞ்சு போச்சா?"

"இனிமேதான் தெரியணும். நான்தான் சொல்லப் போறேன்."

டிரில் மாஸ்டர் தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவசரமாக உள்ளே போய்விட்டார்.

வாடகை வண்டி வந்து நின்றது. மகள் குழந்தையோடு இறங்கினாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நாக்கு சார் எழுந்தார். கேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிடிபட்டவனைப் போல நடுப்படியில் நின்றார்.

"நான்தாம்மா. எல்லாத்துக்கும் நான்தான் காரணம். நீ என்னை மன்னிக்க வேண்டாம். சாமானைக் கட்டு, நானே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடறேன்."

"என்னப்பா உளர்றீங்க?"

"இது பேட்டரித் தண்ணி இல்ல, கிணத்துத் தண்ணி. சத்தியம் பண்ணின மூணாம் நாளே ஆரம்பிச்சுட்டேன். தினமும் திருட்டுத்தனமா கம்பெனிக்கு எடுத்துட்டுப் போய்க் குடிச்சேன். அந்தக் கையோட வந்து இவளைத் தூக்கினேன். உதட்டுல படல, நாக்குலதான் பட்டுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். நான் தாத்தாவே இல்லம்மா."

மகள் முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் லேபிளம்மா வண்டிக்காரரை அனுப்பிவிட்டு நிதானமாகப் படியேறி வந்து, அவர் கையிலிருந்த கேனை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். மடமடவென்று அரைக் கேனைக் குடித்தாள்.

"ஐயோ! அது..."

"மிஷின் தண்ணி," என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "காலையில நான்தான் ரொப்பினேன். இன்னிக்கு மட்டுமில்ல. நீங்க ஆரம்பிச்ச மறுநாள்லேர்ந்து தினமும் நான்தான் ரொப்பறேன்."

நாக்கு சாருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தார்.

"டாக்டர் சொல்லிட்டாருங்க. புதுசா மாத்தின பால்பொடி இவளுக்கு ஒத்துக்கல. பழையதையே குடுக்கச் சொன்னார். இப்பவே நின்னு போச்சு. உங்க கையும் காரணமில்ல, கிணறும் காரணமில்ல."

"எப்படி... மாஸ்டர் சொன்னாரா?"

"அவர் எதுக்கு? உப்புப் பொட்டலத்தை ஒளிக்கவே அவருக்கு நேரம் சரியா இருக்கு. என் லேபிள் சுருள்ல ஒண்ணு குறைஞ்சுது. தவிர நீங்க குளிக்கப் போறப்போ பாடினீங்க. இருபத்தெட்டு வருஷத்துல நீங்க பாடினப்பல்லாம் எதையாவது ஒளிச்சுட்டுத்தான் பாடியிருக்கீங்க."

"அப்படின்னா தினமும் நான் குளிக்கறப்போ..."

"கேனை எடுப்பேன். உங்க தண்ணியை ரோஜாச் செடிக்கு ஊத்துவேன். நைட்ரேட் செடிக்கு உரம். பார்த்தீங்கல்ல, எப்படித் தழைச்சிருக்குன்னு? அப்புறம் மிஷின் தண்ணியை ரொப்பி, அதே இடத்துல வெச்சு, சாவியை அதே ஆணியில மாட்டிடுவேன். நீங்க ரெண்டாவது பாட்டுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுடும்."

"முதல் நாளே என்னைப் பிடிச்சுச் சண்டை போட்டிருக்கலாமே?"

"போட்டா? வேற இடத்துல ஒளிப்பீங்க. எனக்குத் தெரிஞ்ச இடத்துல ஒளிச்சா எனக்கு வசதிதானே?"

மகளுக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தோளில் குழந்தை எழுந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அப்போ தினமும் மேஜையில உட்கார்ந்து 'பிணம், பிணம்'னு சொன்னீங்களேப்பா! அதே பிணத்தையா கம்பெனியில போய்..."

நாக்கு சார் பேத்தியின் முகத்தை எட்டிப் பார்த்தார். ரோஜா நிறம். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. தன்னைப் பதினெட்டு நாள் முட்டாளாக்கிய பெண்டாட்டியை அவர் நன்றியோடு பார்த்தது கல்யாணமாகி அதுதான் முதல் தடவை. தன் நாக்கு பொய்யாகிப் போனதற்காகச் சந்தோஷப்பட்டதும் அதுதான் முதல் தடவை.

அந்தச் சந்தோஷம் சுமார் நான்கு நிமிஷம் நீடித்தது. ஐந்தாவது நிமிஷம் மானம் எழுந்து உட்கார்ந்தது.

"இரு இரு," என்றார். "ரெண்டாம் நாள்லேர்ந்துதானே மாத்தினே? முதல் நாள் நான் குடிச்சது அசல் கிணத்துத் தண்ணிதானே?"

"ஆமா. அன்னிக்கு நீங்க போனப்புறம்தான் சுருளைப் பார்த்தேன்."

"ஆங்!" அவர் துள்ளி எழுந்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை உருவி மனைவியிடம் நீட்டினார். "அப்புறம் போட்ட மார்க்கெல்லாம் பழைய ஞாபகத்துல, பழக்க தோஷத்துல போட்டது. அதை விட்டுடு. முதல் நாளைப் பாரு! மூக்குக்கிட்ட நிஜக் கிணத்துத் தண்ணி வந்தப்போ என் நாக்கு என்ன சொல்லியிருக்குன்னு பாரு! இருபத்தாறு வருஷ நாக்கு! படி, உன் பொண்ணுக்குக் கேக்கற மாதிரி சத்தமாப் படி!"

லேபிளம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் நாள் பக்கத்தைப் புரட்டினாள். ஒரு தடவை மனதுக்குள் படித்தாள். பிறகு, மகளுக்குக் கேட்கிற மாதிரி, தெளிவாகப் படித்தாள்.

"'ஏதோ மிஷின் வாடை. பத்துக்கு மூணு.'"